கழிவும் கழனியும் – கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் பற்றிய துருவஜோதி கோஷின் ஆய்வு

தோற்றுவாய்

நிலத்தையும் நீரையும் தனித்தனியே பிரித்து எண்ணுவது தமிழ் மரபன்று. திணை வகுத்த நம் முன்னோர், ஒரு நிலத்தோடு அதன் நீரையும், அந்நீரைச் சார்ந்து வாழும் உயிர்களையும், அவ்வுயிர்களோடு பிணைந்த மக்கள் தொழிலையும் ஒருங்கே வைத்துக் கண்டனர். கருப்பொருள் என்னும் பகுப்பில் புள்ளும் மரமும் நீரும் தொழிலும் அடுத்தடுத்து நிற்பதை இலக்கணம் பயிலும் மாணவர் அறிவர். இக்கால அறிவியலார் 'சூழல் மண்டலம்' என்று கூறுவதும் ஏறத்தாழ இதுவே.

ஏரி, குளம், கண்மாய், தாங்கல், ஏந்தல், குட்டை, கழி, கழுவெளி என நீர் தங்கும் நிலத்துக்கு நம் மொழியில் பெயர்கள் பல உண்டு. இன்றோ இவற்றுள் பலவும் 'பயனற்ற பள்ளம்' என்னும் ஒரே பெயரால் சுட்டப்படுகின்றன. பெயர் போனபின் நிலமும் போய்விடுகிறது. மண் கொட்டப்படுகிறது, மனை எழுகிறது, மழைக்காலத்தில் நீர் வழி தெரியாமல் வீட்டுக்குள் நுழைகிறது. எனவே நிலத்தின் பெயரும் பயனும் பற்றிய ஆய்வு தமிழ் மாணவர்க்கும் உரியதே என்னும் துணிவோடு, வங்கநாட்டு அறிஞர் ஒருவரின் ஆய்வை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அவர் பெயர் துருவஜோதி கோஷ். மேற்கு வங்க அரசில் பொறியாளராகப் பணியாற்றியவர். பின்னர்ச் சூழலியலில் முனைவர் பட்டம் பெற்றவர். கொல்கத்தா நகரின் சாக்கடை நீர் எங்கே செல்கிறது, என்னவாகிறது என்னும் எளிய வினாவுக்கு விடை தேடப் புறப்பட்டுத் தம் வாழ்நாள் முழுவதையும் அவ்விடைக்கே ஈந்தவர். அவர் கண்டதை விளங்கிக்கொள்ள, முதலில் ஊட்டச்சத்தின் இயல்பைச் சிறிது காண்போம்.

ஊட்டமே கேடாகும் விதம்

பயிர் வளர்வதற்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகிய மூன்றும் இன்றியமையாதவை. தழைச்சத்து என்பது நைட்ரஜன். மணிச்சத்து என்பது பாஸ்பரஸ். வயலில் விளைந்த நெல்லிலும் காயிலும் இவை தங்கி நகரத்துக்கு வருகின்றன. உண்ட உணவில் உடலில் நிற்பது சிறிதே. எஞ்சிய ஊட்டம் கழிவாக வெளியேறுகிறது. பழங்காலச் சிற்றூரில் அது மீண்டும் வயலுக்கே எருவாகச் சென்றது. நகரம் பெருகியபின் அது குழாய்க்குள் விழுந்து ஆற்றையும் கடலையும் சேர்கிறது. வயல் இழந்ததை ஈடுசெய்ய ஆலையில் செய்த உரம் இடப்படுகிறது. அவ்வுரத்திலும் ஒரு பகுதி மழைநீரோடு வழிந்து ஏரிக்குள் இறங்குகிறது. ஒரு காலத்தில் வட்டமாக இருந்த வழி இன்று ஒருவழிப் பாதையாயிற்று.

வயலில் வாழ்வளிக்கும் ஊட்டம் நிலைநீரில் மிகுந்தால் நீரைக் கெடுக்கிறது. பாசி பெருகி நீர்ப்பரப்பை மூடும். அது மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள உயிர்வளி, அதாவது ஆக்சிஜன், செலவாகிவிடும். மீன்கள் மூச்சுத் திணறி மிதக்கும். இதனை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிய சோதனை ஒன்று கனடா நாட்டில் 1973ஆம் ஆண்டு நடந்தது. டேவிட் ஷிண்ட்லர் என்னும் அறிஞர் ஓர் ஏரியைத் திரையிட்டு இரு பாதியாகத் தடுத்தார். இரண்டிலும் நைட்ரஜனும் கரிமமும் இட்டார். ஒரு பாதியில் மட்டும் பாஸ்பரஸும் சேர்த்தார். அப்பாதி பச்சைப் பாசி படர்ந்து நிறம் மாறியது. மற்றது தெளிவாகவே நின்றது. ஏரி கெடுவதற்குச் சிறிதளவு மணிச்சத்தே போதுமானது என்பதை உலகம் அன்று கண்ணால் கண்டது.

இவ்வாறு மிகும் ஊட்டத்தை வாங்கி அடக்கும் ஆற்றல் இயற்கையில் ஈரநிலங்களுக்கே சிறப்பாக உண்டு. அங்கே நீர் மெல்ல நகர்கிறது, வண்டல் படிகிறது, மணிச்சத்து மண்ணோடு ஒட்டி நிற்கிறது. உயிர்வளி இல்லாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்குத் திருப்பியனுப்புகின்றன. கோரையும் நாணலும் எஞ்சியதை உண்டு வளர்கின்றன. மனித உடலில் சிறுநீரகம் செய்யும் பணியை நிலத்துக்கு ஈரநிலம் செய்கிறது என்று அறிஞர் உவமை கூறுவர்.

கிழக்கே சரியும் நகரம்

கொல்கத்தா, ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அமைந்த நகரம். ஆயினும் அதன் நிலம் ஆற்றை நோக்கிச் சரிவதில்லை. ஆற்றுக்கு எதிர்த்திசையில், கிழக்கு நோக்கியே சரிகிறது. அக்கிழக்கில் பரந்து கிடந்தவை உப்பேரிகள் எனப்பட்ட சதுப்புகள். வித்யாதரி என்னும் ஓத ஆற்றின் வழியாகக் கடல்நீர் அவற்றுள் வந்து போயிற்று. ஆங்கிலேயர் காலத்தில் நகரின் மழைநீரும் சாக்கடை நீரும் கால்வாய் வெட்டி அத்திசையிலேயே செலுத்தப்பட்டன.

காலப்போக்கில் வித்யாதரி வண்டலால் தூர்ந்தது. 1928ஆம் ஆண்டில் அது இறந்த ஆறு என அறிவிக்கப்பட்டது. ஓதநீர் வரத்து நின்றதால் உப்பேரிகளில் உப்புக் குறைந்தது. உவர்நீர் மீன்களை நம்பியிருந்தோர் வாழ்வு தவித்தது. அந்நிலையில்தான், 1930ஆம் ஆண்டை ஒட்டி, அப்பகுதி மீன் வளர்ப்போர் துணிந்து ஒரு செயல் செய்தனர். அருகே கால்வாயில் ஓடிய நகரச் சாக்கடை நீரை அளவறிந்து தம் குளங்களுக்குள் விட்டனர். மீன் செத்து மிதக்கும் என்று எண்ணியோர் வியக்கும்படி மீன் கொழுத்து வளர்ந்தது. ஒருவர் செய்ததைப் பார்த்து மற்றவர் செய்தனர். கரையிட்ட இவ்வகைப் பெருங்குளங்களை அப்பகுதியினர் 'பேரி' என்று வழங்குகின்றனர்.

அருகிலேயே தாபா என்னுமிடத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முதற்கொண்டே நகரக் குப்பை கொட்டப்பட்ட நிலத்தில் காய்கறி பயிரிடப்பட்டு வந்தது. பேரிகளிலிருந்து வெளியேறும் நீரோ நெல் வயல்களுக்குப் பாய்ந்தது. இவ்வாறு மீனும் காயும் நெல்லும் நகரத்தின் கழிவிலிருந்தே விளைந்து, நகரத்தின் உணவாக மீண்டும் அங்கேயே சென்றன. அறுந்துபோன வட்டம் இங்கே மட்டும் அறாமல் நின்றது.

ஒரு பொறியாளரின் தேடல்

1980களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீர் என்னவாகிறது என்பதை ஆராயும் பொறுப்பு கோஷிடம் வந்தது. கோப்புகளில் அதற்கு முழுமையான விடை இல்லை. எனவே அவர் சாக்கடைக் கால்வாயின் கரையைப் பற்றிக்கொண்டே கிழக்கு நோக்கி நடந்தார். கரிய நீர் ஓடிய வாய்க்கால்களின் முடிவில் அவர் கண்டது, வெயிலில் மின்னும் நீர்ப்பரப்பும் வலை வீசும் மக்களுமே. வேறு நகரங்களில் பெரும்பொருள் செலவிட்டு ஆலை அமைத்துச் செய்யும் சுத்திகரிப்பை, இங்கே வெயிலும் பாசியும் மீனும் உழைப்பாளர் கைகளும் சேர்ந்து செய்துகொண்டிருந்தன. அச்சுத்திகரிப்பு செலவாக அமையவில்லை, வருவாயாக அமைந்தது.

அவர் செய்த முதற்பணி, அந்நிலத்தை அளந்து படமாக்கியதாகும். எது குளம், எது வயல், எது குப்பைக் கழனி, எது ஊர் எனப் பிரித்துக் காட்டினார். நில அலுவலர் கண்ணுக்கு வெறும் சதுப்பாகத் தோன்றியது, அப்படத்தில் உழைக்கும் நிலமாகத் தோன்றியது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் என்னும் பெயரும் அவர் முயற்சியாலேயே நிலைபெற்றது. இன்று சட்டம் ஏற்றுள்ள கணக்குப்படி அதன் பரப்பு 12,500 ஹெக்டேர். அதில் ஏறத்தாழ 5,850 ஹெக்டேர் நீர்ப்பரப்பு. 4,720 ஹெக்டேர் வேளாண் நிலம். 600 ஹெக்டேர் குப்பையில் காய்கறி விளையும் நிலம். எஞ்சியவை ஊரும் மனையும். கழிவுநீர் பாயும் மீன்பண்ணைகள் 254 எனக் கணக்கிடப்பட்டன.

குளத்துக்குள் நிகழ்வது

பேரிகளின் ஆழம் குறைவு; பெரும்பாலும் இடுப்பளவுக்கு மேற்படாது. ஆழம் குறைந்திருப்பதே இதன் உயிர்நிலை. வெயில் அடிவரை இறங்குகிறது. சாக்கடை நீரில் உள்ள கரிமப் பொருளை பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அதற்கு அவற்றுக்கு உயிர்வளி வேண்டும். சிதைவில் வெளிப்படும் கரியமில வாயுவையும் தழை, மணிச் சத்துகளையும் நுண்பாசிகள் உண்டு, வெயிலின் துணையால் உயிர்வளியை ஈனுகின்றன. அவ்வுயிர்வளியைக் கொண்டே பாக்டீரியாக்கள் மேலும் சிதைக்கின்றன. ஒன்றன் கழிவு மற்றொன்றன் உணவு என்பது அங்கே ஓயாது நடக்கும் கொடுக்கல் வாங்கல்.

பாசி அளவு மீறினால் முன்னர்க் கூறிய கேடு இங்கும் வரும். அவ்வாறு வாராமல் காப்பவை மீன்கள். ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக்கெண்டை, திலேப்பியா முதலியன பாசியையும் பாசி தின்னும் நுண்ணுயிர்களையும் தின்று அளவில் நிறுத்துகின்றன. நீரில் கரைந்திருந்த ஊட்டம் மீனின் தசையாக மாறிக் கரையேறுகிறது. பகலில் பாசியின் செயலால் நீரின் காரத்தன்மை ஏறுவதும், வெயிலின் கதிர்களும், நீர் நெடுநாள் தங்குவதும் நோய்க்கிருமிகளைப் பெரிதும் அழிக்கின்றன.

இவையனைத்தும் தாமே நிகழ்வன என எண்ணுதல் கூடாது. குளிர்காலத்தில் குளத்தை வற்றவிட்டு அடிமண்ணைக் காயவைப்பர். வண்டலை எடுத்துக் கரையைப் பலப்படுத்துவர். உழுது சுண்ணாம்பு இடுவர். பின்னர்ச் சாக்கடை நீரை விட்டு, அது வெயிலில் பக்குவப்படும் வரை காத்திருப்பர். மூங்கில் கொண்டு அடிச்சேற்றைக் கிளறிவிடுவர். சில மீன்களை விட்டுச் சோதித்த பின்னரே பெருந்தொகையாகக் குஞ்சு விடுவர். அதன்பின் வேளை அறிந்து, அளவறிந்து கழிவுநீரைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பர். பிற ஊர்களில் நீர்நிலைக்குப் பகையான ஆகாயத்தாமரையை இங்கே கரையோரம் மட்டும் மூங்கில் கட்டி நிறுத்தி வளர்ப்பர். அது அலை கரையை அரிக்காமல் காக்கிறது. மீனுக்கு நிழல் தருகிறது. நீரில் உள்ள உலோகத்தில் ஒரு பகுதியையும் ஈர்த்துக்கொள்கிறது.

ஏடறியாதார் அறிவு

இவ்வேலைகளைச் செய்வோரிடம் ஆய்வுக்கூடம் இல்லை. நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே அதன் பக்குவத்தை அவர்கள் கூறுவர். பொறியியல் நூலில் உள்ள கணக்குகளோடு அவர்கள் செயலை ஒப்பிட்ட கோஷ், அவர்கள் கூறியது சரியாக இருப்பதைக் கண்டார். எழுத்தறிவு குறைந்த பல தலைமுறையினர், பல்லாண்டுப் பட்டறிவால் ஒரு பெருநகரின் கழிவைக் கையாளும் முறையை உருவாக்கியிருந்தனர் என்பதே அவர் ஆய்வின் மையக் கருத்தாகும்.

கோஷின் பெருமை, தாம் புதிதாக ஒன்றைப் படைத்ததில் இல்லை. இருந்ததைக் கண்டு, இன்னார் படைத்தது என்று உண்மையாகக் கூறியதில் உள்ளது. படித்தோர் அறிவென்றும் பாமரர் வழக்கமென்றும் வேலியிட்டு, வேலிக்கு அப்பால் இருப்பதை அறிவு என ஏற்க மறுக்கும் போக்கை அவர் அறிவுலகத் தீண்டாமை எனக் கருதிக் கண்டித்தார். இக்கண்டனம் கல்லூரியில் இருக்கும் நம்மையும் சுடுகிறது. நெய்வோர், மீன் பிடிப்போர், தோல் பதனிடுவோர், உப்பு விளைப்போர் வழங்கும் தொழிற்சொற்களில் எத்தனையை நாம் தொகுத்திருக்கிறோம்? ஒரு சொல் வழக்கொழியும்போது அச்சொல் காத்த அறிவும் உடன் போய்விடுகிறது. தமிழ் மாணவர் இதனைத் தம் கடனாகக் கொள்ளுதல் வேண்டும்.

நிலப்பயன் மாறும்போது

இத்தகைய நிலம் எளிதில் தப்பிவிடவில்லை. 1962ஆம் ஆண்டு தொடங்கி, ஹூக்ளி ஆற்று மணலையும் வண்டலையும் குழாய் வழியே கொணர்ந்து உப்பேரியின் வடபகுதி மேடாக்கப்பட்டது. இன்று பிதான்நகர் எனவும் சால்ட் லேக் எனவும் வழங்கும் நகர்ப்பகுதி அவ்வாறு எழுந்ததே. நகரம் மேலும் கிழக்கே நகர முற்பட்டபோது, வணிக மையம் ஒன்றுக்காக மீண்டும் ஈரநிலம் கேட்கப்பட்டது. பொதுநல அமைப்பு ஒன்று வழக்குத் தொடுத்தது. 1992ஆம் ஆண்டு கல்கத்தா உயர்நீதிமன்றம் ஈரநிலத்தின் பயனை மாற்றுவதற்குத் தடை விதித்தது. இவ்வழக்கில் நிலப்படமும் ஆய்வும் பெருந்துணை புரிந்தன. அளந்து பெயரிடப்படாத நிலத்துக்கு நீதிமன்றத்தில் வாயில்லை என்பது இதனால் புலனாகும்.

ஈரான் நாட்டு ராம்சர் நகரில் 1971ஆம் ஆண்டு உருவான பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் பட்டியலில் 2002ஆம் ஆண்டு இந்நிலம் இடம்பெற்றது. நாளொன்றுக்கு 150 டன் காய்கறியும் ஆண்டொன்றுக்கு 10,500 டன் மீனும் இங்கு விளைவதாகவும், மீன்தொழிலை நேரே நம்பி ஏறத்தாழ 50,000 பேர் வாழ்வதாகவும் அப்பட்டியலின் குறிப்பு கூறிற்று. 2006ஆம் ஆண்டு மேற்கு வங்க அரசு இந்நிலத்துக்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது. 1990இல் ஐக்கிய நாடுகள் அவையின் சுற்றுச்சூழல் திட்டம் 'குளோபல் 500' விருதையும், 2016இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வழியாக லூக் ஹாஃப்மன் விருதையும் கோஷ் பெற்றார்.

எனினும் சட்டம் வந்தபின்னும் ஆக்கிரமிப்பு நிற்கவில்லை. நீர்ப்பரப்பு மேடாக்கப்படுதலும், கால்வாய் தூர்தலும், பிளாஸ்டிக் குப்பையும் தொடர்கின்றன. கழிவுநீர் வரத்துக் குறைந்தால் மீனும் குறையும். மீன் குறைந்தால் குளத்தைக் காப்போர் தொழிலை விடுவர். காப்போர் இல்லாத குளம் மனையாகும். இவ்வச்சத்தைக் கோஷ் இறுதிவரை எழுதியும் பேசியும் வந்தார். 2018ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் அவர் மறைந்தார்.

ஊட்டம் வேறு, நஞ்சு வேறு

ஈரநிலத்தின் ஆற்றலுக்கும் எல்லை உண்டு. மலமும் குப்பையும் உயிரிலிருந்து வந்தவை. ஆதலின் உயிருக்கே திரும்புகின்றன. ஆலைகளிலிருந்து வரும் குரோமியம் போன்ற உலோகங்களை எந்தப் பாசியும் சிதைத்து இல்லாமற் செய்ய இயலாது. அவை சேற்றில் தங்கும். வேரிலும் மீனிலும் ஏறும். கொல்கத்தாவின் கீழ்ப்பகுதியான டாங்ரா, தில்ஜலா முதலிய இடங்களில் இயங்கிய தோல் பதனிடும் ஆலைகளின் நீர் இக்கால்வாய்களில் கலந்துவந்தது. அவ்வாலைகளை இடம் மாற்றும்படி 1996ஆம் ஆண்டு டிசம்பரில் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. ஈரநிலத்தை அடுத்த பாந்தலாவில் அவற்றுக்கென இடம் ஒதுக்கப்பட்டது.

இவ்விடத்தில் எம் எழுதுகோல் சற்றுத் தயங்குகிறது. அதே 1996ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், அதே உச்சநீதிமன்றம், நம் பாலாற்றங்கரைத் தோல் ஆலைகள் பற்றியும் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முற்றாகவோ பயிருக்கு உதவாததாயிற்று என்னும் கணக்கு அத்தீர்ப்பில் இடம்பெற்றுள்ளது. கெடுத்தவரே ஈடு செய்தல் வேண்டும் என்னும் நெறி இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்கப்பட்டதும் அத்தீர்ப்பிலேயாகும்.

தோல் தொழில் நம் சமுதாயத்தினர் பலருக்கு ஊண் தந்த தொழில். பள்ளிகளும் கல்லூரிகளும் அனாதை இல்லங்களும் அத்தொழில் ஈட்டிய பொருளால் எழுந்தன. அதன் நன்றியை மறப்பது முறையன்று. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட பழைய நாள்களில் பாலாறு இவ்வளவு கெடவில்லை என்று முதியோர் கூறுவர். குரோமிய உப்பு வந்தபின் வேகம் கூடிற்று, வருவாயும் கூடிற்று, கிணறுகள் கெட்டன. தீர்ப்புக்குப் பின்னர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைந்ததும் உண்மையே. ஆயினும் பொருளீட்டியவர் ஒருவர், கிணற்றை இழந்தவர் மற்றொருவர் என்னும் வழக்கு, சட்டத்தின் முன் மட்டுமன்றி இறைவன் முன்னும் நிற்பதாகும்.

தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழித்தலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஒரு மனிதனின் சிறு செயலுக்கே அவ்வளவு எச்சரிக்கை எனில், ஓர் ஆலையின் குழாய்க்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்! அளவும் சமநிலையும் பற்றித் திருமறை பேசும் 'மீஸான்' என்னும் கருத்து, கடைத்தெருத் தராசுக்கு மட்டும் உரியதன்று. நிலத்துக்கும் நீருக்கும் உரியது. நிலத்திலிருந்து எடுத்ததை நிலத்துக்குத் திருப்புதலும், நிலம் தாங்காத ஒன்றை அதன்மேல் சுமத்தாதிருத்தலும் அத்தராசின் இரு தட்டுகள்.

நிறைவுரை

கோஷின் ஆய்விலிருந்து நாம் கொள்ளத்தக்கவை மூன்று. கழிவு என்பது இடம் மாறிய ஊட்டம். உரிய இடத்தில் சேர்த்தால் அதுவே உணவு. சதுப்பு என்பது வீணான நிலமன்று. ஊருக்காக ஊதியமின்றி உழைக்கும் நிலம். அந்நிலத்தைக் காக்கும் அறிவு, பெரும்பாலும் அதில் கால் வைத்து உழைப்போரிடமே உள்ளது.

மாணவர்களே! விடுமுறையில் நும் ஊருக்குச் செல்லும்போது ஒரு பணி செய்க. ஊரில் நீர் தங்கிய இடங்களின் பழம்பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதுக. அந்நீர் எங்கிருந்து வந்தது, எவ்வழி சென்றது, யார் மடை திறந்தார், என்ன மீன் கிடைத்தது என்பவற்றையும் கேட்டுக் குறித்து வருக. துறை நூலகத்தில் அவற்றைத் தொகுத்து வைப்போம். சமுதாயப் பெரியோர் தம் நினைவிலிருப்பதைத் தயங்காது கூறி உதவுக. பெயரும் எல்லையும் எழுதி வைத்த நிலத்தை அழிப்பது கடினம் என்பதற்குக் கொல்கத்தா சான்று. சாக்கடைக் கரையைப் பற்றி நடந்த ஒரு பொறியாளர் ஒரு பெருநிலத்துக்குக் குரல் தந்தார். கண்மாய்க் கரையைப் பற்றி நடக்க நம் மாணவர்க்கும் கால்கள் உண்டு. வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!